கூரையில் இருந்த காலணாக்கள்

பட்டறைக் கூரை ஒழுகி யாரும் பார்த்ததில்லை. தகரத்தை இரும்புச் சட்டத்தோடு பிடித்துவைத்த கொக்கி போல்ட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வாஷராக ஓர் ஓட்டைக் காலணாவைக் கோத்து, நட்டை முறுக்கி, மேலே தாரை அப்பியிருந்தார் பெரியவர். அப்போது அவர் பெரியவர் இல்லை. மீசை முளைத்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்த இளவட்டம். அணாக்கணக்கு ஒழிந்து புதுக்காசு புழக்கத்துக்கு வந்த சமயம் அது. நடுவில் துளையோடு வந்த அந்தச் செம்பு வட்டம், போல்ட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

மகன் அந்தக் கூரைக்குக் கீழேதான் வளர்ந்தார். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டும் வேலையை அங்கேதான் பழகினார். ஊரில் அவருக்கு 'வைண்டர்' என்றே பெயர். ஆனால் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. பக்கத்துச் செல்போன் கடைக்காரர், தெருவுக்கெல்லாம் 'ரீசார்ஜ்', ஒரு வீடியோவைக் காட்டிய அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். கோட்டுப் போட்ட ஒருவர் ஓட்டைக் காலணாவை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, இன்ன வருடம் பொறித்தது கையில் இருந்தால் லட்சக்கணக்கில் போகும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க தலைக்கு மேல ஒரு பேங்கே இருக்குண்ணே. நீங்க என்னடான்னா கீழ உக்காந்து கம்பி சுத்திட்டு இருக்கீங்க" என்றார் ரீசார்ஜ்.

விளையாட்டாகச் சொன்னதுதான். வைண்டருக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

அவருடைய மனைவிக்கு அந்த வாரம் வேறு கவலை. பெரியவருக்கு மருமகள், வைண்டருக்கு மனைவி, பட்டறைக்குப் பாதி ஆள் அவள். காப்புத் தாள் வெட்டுவது, காயிலை மோட்டாரின் பள்ளங்களில் இறக்குவது, நூல் போட்டுக் கட்டுவது எல்லாம் அவள் கைவேலை. தெருமுனையைத் தாண்டி இருந்த நான்கு மாடிக் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்து அவர்களிடம் வந்திருந்தது. குடியிருப்பின் செக்ரட்டரி கறாரான மனிதர். சொன்ன நாளில் மோட்டார் ஓடினால், அங்குள்ள அத்தனை மோட்டார்களையும் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவர்களுக்கே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அது வந்தால் பட்டறை நிற்கும். வராவிட்டால் வைண்டர் வெளியூர் பம்ப் கம்பெனிக்குப் போய்விடுவார். மாதம் ஒருமுறைதான் வீடு. அங்கிருந்த பழைய கூட்டாளி ஒருவர் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வைண்டர் இன்னும் பதில் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார். அது கட்டிலுக்கடியில் இருப்பது அவளுக்குத் தூக்கத்திலும் உறுத்தியது.

எந்தக் காசில் எந்த வருடம் என்பது தாருக்கடியில் மறைந்திருந்தது. அதனால் எல்லாவற்றையும் கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்றார் வைண்டர். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, பட்டறையை ஒட்டியிருந்த அவர் அறைக்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதென்றால், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அவ்வளவுதான். அதற்குமேல் போனால் யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் பேச்சு ஓயவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் காயில் இறக்கிக்கொண்டிருந்த அவளுக்கு எல்லாம் கேட்டது. காலணாவுக்கு முடிவெட்டிக்கொள்ளலாமாம். அரையணாவுக்குப் படகில் அக்கரை போய்த் திரும்பலாமாம். ஓரணாக் காசின் விளிம்பு பூப்போல வளைந்து வளைந்து இருக்குமாம், இரண்டணா சதுரமாம், இருட்டில் பையில் கையை விட்டாலே எது எது என்று விரல் சொல்லிவிடுமாம். எட்டணா கையில் இருந்தால் மாப்பிள்ளை மாதிரி நடக்கலாமாம்.

"நீங்க எப்பப்பா மாப்பிள்ளை மாதிரி நடந்தீங்க?" என்று வைண்டர் சிரிப்பது கேட்டது. இவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவள் கையில் இருந்த காயிலைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் ஸ்டூல் அங்கேயே கிடந்தது. பெரியவர் காலையிலேயே முகம் மழித்துக்கொண்டார். சோறு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். எதையும் வரிசை வைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. கதைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. கூரைக்கென்று படகுத்துறைக்காரர் மூட்டையாகக் கொடுத்த காசுகள் மறுநாள் சினிமாக் கொட்டகை டிக்கெட் காசுகளாகிவிட்டன. வீடியோவில் சொன்ன வருடத்துக் காசைப் பற்றி வைண்டர் கேட்டபோது பெரியவர் முதலில் நினைவில்லை என்றார். பிறகு பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். அதற்கும் பிறகு, கிழக்கு மூலையில் இரண்டாவது சட்டத்தில் அதைத் தன் கையாலேயே போட்டதாகவும், போடும்போது மனசு கேட்காமல் ஒருமுறை உற்றுப் பார்த்ததாகவும் சொன்னார்.

கணவரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். வயதானவர் பேச்சை நம்பிக் கூரையில் கைவைக்காதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் மாமனாருக்கு உண்மையாகவே நினைவு வந்திருந்தால்? தனக்கு என்ன தெரியும், தான் பிறக்கும் முன் போட்ட கூரையைப் பற்றி? அதோடு, வைண்டர் இப்போதெல்லாம் அறையிலிருந்து வரும்போது அப்பா கையை ஆட்டிப் பேசுவதைப் போலவே நடித்துக் காட்டினார். பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

காசைக் கழற்றினால் அந்த இடத்தில் எதையாவது வைக்கவேண்டுமே. வைண்டர் நேரே அவளிடம் வந்தார். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கும் கெட்டிக் காப்புத் தாளிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டித் தரச் சொன்னார். வேறு யாராயிருந்தாலும் டியூப் ரப்பரைத் தேடியிருப்பார்கள். வைண்டர் வீட்டில் எதற்கும் அந்தத் தாள்தான். ஆடும் மேசைக்கால், பாத்திரக் கைப்பிடி, ஓட்டை ஜன்னல், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

"தாள் தண்ணி குடிக்குமேங்க" என்றாள்.

"வார்னிஷ்ல முக்கி எடு. மோட்டாருக்குள்ள தாங்குறது கூரையில தாங்காதா? நாலு நாளைக்குத்தான். காசு வித்ததும் கூரையையே மாத்திடலாம்."

அவளும் வெட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, பொறுமையாக, ஓரம் பிசிறாமல் வெட்டினாள். வார்னிஷில் முக்கிக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டாள். வார்னிஷ் வெயிலில் காய்ந்தால் மேலே தோல் கட்டும், உள்ளே காயாது, சூட்டில் வேகவைக்கவேண்டும். அதற்காகத்தான் பட்டறையில் குண்டு பல்புகள் மாட்டிய இரும்பு டிரம் இருந்தது. துண்டுத் தாளுக்காக டிரம்மை எரிக்கவேண்டுமா என்று வைண்டர் பொறுக்கவில்லை. விஷயம் பரவினால் விலை இறங்கிவிடும் என்று ரீசார்ஜ் வேறு கிளப்பிவிட்டிருந்தார். வானமோ மூட்டமாக இருந்தது.

வைண்டர் ஏணியில் நின்றுகொண்டு, காய்ந்துவிட்டதா என்று கேட்டார். அவள் ஒரு வட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். ரேகை அப்படியே பதிந்தது. ஏணிமேல் இருந்தவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், கல்யாணமான புதிதில் சிரித்தமாதிரி.

"ம்" என்றாள்.

காசுகள் இறங்கின. துருவேறிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, தாள் வட்டத்தை வைத்து மறுபடி முறுக்கினார். தகரத்தின் மேட்டில் அத்தனை வருடம் அழுந்தியதில் காசுகள் எல்லாம் குழிந்து, சின்னச் சின்ன மூடிகளைப் போல இருந்தன. கிரைண்டரில் வயர் பிரஷ்ஷை மாட்டி அவற்றைத் தேய்த்தார். தார் போயிற்று. செம்பு பளபளத்தது. வருடம் சிலதில் தெரிந்தது, சிலதில் தெரியவில்லை. பெரியவர் சொன்ன மூலையில் இருந்த காசில் கடைசி எண் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அதுதான் இதுவாக இருக்கும் என்று வைண்டர் அதை மட்டும் தனியாகத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த நாட்களில் குடியிருப்பு மோட்டாரைக் கட்டி முடித்தது முழுக்க முழுக்க அவள்தான். மறுநாள் கொடுக்கவேண்டும். வார்னிஷ் ஊற்றி டிரம்முக்குள் இறக்கி, பல்புகளைப் போட்டுவிட்டு, கணவரோடு பஸ் ஏறினாள். கூட வா, நீ வந்தால் நல்லபடியாக முடியும் என்று அவர் கூப்பிட்டிருந்தார்.

நாணயக் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கடைக்காரர் கண்ணாடிமேல் கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல். வைண்டர் பையைக் கவிழ்த்ததும் அவர் எதையும் தொடவில்லை.

"யாரு தேச்சது இதெல்லாம்?"

வைண்டர் பெருமையாகத் தான்தான் என்றார். வருடம் தெரியவேண்டுமே என்று வயர் பிரஷ் போட்டதைச் சொன்னார். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். பிறகு பொறுமையாகவே விளக்கினார். இந்தக் காசுகளைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். நல்ல நிலையில் இருந்தாலே ஒரு டீ குடிக்கிற விலைதான். நிறம் கெடாமல், எழுத்து தேயாமல் இருந்தால் சேகரிப்பவர்கள் கொஞ்சம் கூடத் தருவார்கள். குழிந்ததையும் தேய்த்ததையும் ஒருவரும் வாங்கமாட்டார்கள். தனியாகச் சுற்றியிருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதே வீடியோவைப் பார்த்துவிட்டுத் தினமும் ஆட்கள் வருவதாகவும், ஒருவர் வீட்டு மாட்டை விற்றுப் பயணம் வந்ததாகவும் சொன்னார்.

"இதுல என்ன வருஷம் இருந்துச்சுன்னு காசுக்கே ஞாபகம் இருக்காது, சார். இது இப்ப வாஷர். நல்ல வாஷர்."

வைண்டர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, நேரே எதிர்வரிசைப் பழைய இரும்புக் கடைக்குப் போய்த் தராசில் கொட்டினார். சட்டைப்பையில் இருந்ததையும் எடுத்துப் போட்டார். திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிடலாமே என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் இரும்புக் கடைக்காரர் அவற்றைச் செம்புக் குவியலில் வீசிவிட்டார். கொடுத்த பணம் பஸ்ஸுக்குப் போக ஒரு டின் வார்னிஷுக்குக்கூடக் காணாது.

பஸ்ஸில் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கதவை இறக்கியபோது அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியில் நீரைத் தவிர ஒன்றும் தெரியாதபோதும்.

பட்டறைக் கதவைத் திறந்தபோது உள்ளே இருட்டாக இருந்தது. கூரையில் ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் தண்ணீர் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. தாள் வட்டங்கள் ஊறி, கூழாகி, சில கீழேயே விழுந்து கிடந்தன. டிரம்முக்குப் பக்கத்தில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் கம்பளியை டிரம்மின்மேல் போர்த்தி, அதற்குமேல் குடையை விரித்துப் பிடித்திருந்தார். அவர் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தார்.

முதலில் பல்பு ஒன்று வெடித்ததாம். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து மெயினை அணைத்தாராம். கூப்பிட்டாராம்; மழைச் சத்தத்தில் ரீசார்ஜுக்குக் கேட்கவில்லை.

வைண்டர் கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு மோட்டாரை வெளியே எடுத்தார். பாதி வெந்த வார்னிஷ் தண்ணீர் பட்ட இடமெல்லாம் பால்போல் வெளுத்திருந்தது. அவர் அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு, தானே சொல்லிக்கொள்வதுபோல, மேல்பூச்சுதான், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது, காலையில் மாட்டிவிடலாம் என்றார்.

அவள் பெரியவரை அறைக்குக் கூட்டிப்போய்த் தலை துவட்டினாள். உலர்ந்த வேட்டியும் சட்டையும் எடுத்து வைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விற்றதா என்று கேட்டார். விற்கவில்லை, எடைக்குப் போட்டாயிற்று என்றாள்.

அவர் பிடித்திருந்த கையை விட்டார். பிறகு சொன்னார்: "வாஷர் வாங்கக் கையில எதுவும் இல்லம்மா அப்ப. பழங்காசை மாத்திக்கக் குடுத்த கெடு முடிஞ்சிருச்சு. கடைக்காரங்க தெருவுலயே கொட்டி வெச்சிருந்தாங்க. வாஷரைவிடக் காசு மலிவு. பொறுக்கிட்டு வந்து போட்டேன். வருஷத்தை எவன் பாத்தான்?"

"அப்புறம் ஏன் மாமா அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"உக்காந்து கேட்டான்மா." அவர் தன் ஈரமான உள்ளங்கையைப் பார்த்தார். "இல்லன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவானே."

போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வைண்டர் மோட்டாருக்கு மூடியை மாட்டத் தயாராக இருந்தார். அவள் அலமாரியிலிருந்து மெக்கரை எடுத்தாள். கம்பியிலிருந்து மின்சாரம் இரும்புக்குக் கசியாமல் காப்பு தாங்குகிறதா என்று பார்க்கும் கைப்பிடிப் பெட்டி அது. நல்ல மோட்டார் என்றால் முள் மேலே ஏறி நிற்கும். வேண்டாம் என்பதுபோல் அவர் பார்த்தார். அவள் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை இரும்பிலும் வைத்து, கைப்பிடியைச் சுற்றினாள். முள் அசையவே இல்லை. சரியாகப் பிடிக்கவில்லையோ என்று முனைகளைத் துடைத்து மறுபடி சுற்றினாள். மறுபடியும் படுத்தே கிடந்தது. இப்படியே கொண்டுபோய் மாட்டினால் தண்ணீர்க் குழாயைத் தொடும் யாருக்காவது ஷாக் அடிக்கும். குறைந்தபட்சம் மோட்டார் எரியும்.

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலில் மழை படாத ஓரத்துக்குப் போனாள். செக்ரட்டரியிடம் கூரை ஒழுகி மோட்டார் நனைந்துவிட்டது, பிரித்து மறுபடி காயவைக்க நாலைந்து நாளாகும் என்று சொன்னாள். எப்படி ஒழுகியது என்று அவர் கேட்கவில்லை. மாடியில் வயசானவர்கள் எல்லாம் வாளி தூக்குகிறார்கள் என்றார். மோட்டாரைச் சரிசெய்தே கொண்டுவாருங்கள், அதற்குரிய கூலியைத் தந்துவிடுகிறேன், வருட வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். குரலில் கோபம் இல்லை. மறுபேச்சுக்கு இடமும் இல்லை.

திரும்பியபோது வைண்டர் கதவருகே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"உன்னை யாரு போன் பண்ணச் சொன்னது?"

"மெக்கர்."

அவர் உள்ளே போய், காசு தேய்ப்பதற்காகக் கிரைண்டர் பக்கம் கொண்டுவந்து போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் அவர் தோளில் சொட்டியது, நகரவில்லை. தலையைத் தூக்காமலேயே கேட்டார், அப்படி ஒரு காசு இல்லவே இல்லை என்று அப்பாவுக்குத் தெரியுமா என்று. அவரிடம் நீ பேசினாயே, என்ன சொன்னார் என்று.

அவள் யோசித்தாள். சொன்னால் இந்த வீட்டில் இனி ஒருவர் இன்னொருவரிடம் எதையும் கேட்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் அதுவும் இன்னொரு "ம்" தான். எது சரி என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தனக்குச் சொந்தமானதை மட்டும் சொல்லலாம் என்று தோன்றியது.

"அதை நீங்களே அவர்கிட்ட கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன். அன்னிக்கு அந்தத் தாளு காயல. விரலை வெச்சுப் பாத்தேன், ரேகை விழுந்துச்சு. தெரிஞ்சுதான் ம்னு சொன்னேன்."

வைண்டர் நிமிர்ந்து பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அந்த வெளிச்சத்தில் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் எழுந்தார். பெட்டி இருந்த கட்டில் பக்கம் போகிறாரா, அப்பா அறைப் பக்கம் போகிறாரா என்று அவள் பார்த்தாள். நடுவில் சற்று நின்றார். பிறகு ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பா அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்து உள்ளே போனார்.

என்ன கேட்டார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. தகரத்தில் மழை அப்படி அடித்தது. அவள் வெடித்த பல்பின் கண்ணாடிச் சில்லுகளை டிரம்மிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டு, மோட்டாரிலிருந்து முதல் காயிலைக் கழற்றத் தொடங்கினாள்.